முன்னால் போன பெட்டி

அடுத்தவர் பயணத்தைச் சுலபமாக்குவதுதான் என் பிழைப்பு. கண்டியில் விமான டிக்கட் போடும் சிறிய காரியாலயம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் ஆற அமர உட்கார்ந்து சாப்பிட முடியாது. நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு ஊர் போகிறவர்கள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு இந்தியா பார்க்கக் கிளம்புகிறவர்கள், மாலை போட்டுச் சபரிமலைக்குப் புறப்படுகிறவர்கள் என்று வாசல்வரை கூட்டம் நிற்கும். எல்லோரிடமும் ஒரே பல்லவியைத்தான் பாடுவேன். வெள்ளனவே போய்ச் சேருங்கள், பாஸ்போட்டைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கையிலேயே வைத்திருங்கள். இதெல்லாம் தெரியாதா என்று சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த டிசம்பரில் போக வேண்டியிருந்தது என் அம்மா. அம்மாவின் ஒரே அண்ணன், என் மாமா, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இந்தியப் பிரஜாவுரிமை பெற்றுக் கப்பலேறிப் போனவர். அம்மாவுக்கு அப்போது தாவணி வயது. அதற்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. கடை, அப்பாவின் நோய், எங்கள் படிப்பு என்று ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று வந்து குறுக்கே விழுந்தது. கைப்போன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் முகம் பார்த்துப் பேசுவார்கள். மாமாவுக்குக் காது மந்தம். அம்மா போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

மாமாவைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்ததும் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அவரு கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ மொகத்த பாத்துறணும். அதுக்கு வழி பண்ணிக் குடு, போதும்."

பண்டிகை நெரிசலில் ஓர் இருக்கை தேடிப் பிடித்தேன். விசா எடுத்தேன். முழங்கால் வலிக்காரர் என்று சொல்லிச் சக்கர நாற்காலிக்கு எழுதிவைத்தேன். பாஸ்போட்டையும் டிக்கட்டையும் என் கையாலேயே அவருடைய கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

பயண நாள் அஷ்டமி என்று கலண்டரில் பார்த்து அம்மா முகம் கறுத்தார். நாளை மாற்ற முடியாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சரி, பெட்டியையாவது நல்ல நேரத்தில் முன்னால் அனுப்பிவிடுவோம் என்றார். எங்கள் ஆட்களிடம் இன்னமும் இருக்கிற வழக்கம் இது. புறப்படும் நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னே நல்ல வேளை பார்த்துப் பயணப் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அத்தோடு பயணம் தொடங்கியாயிற்று என்று கணக்கு. எனக்கும் அதில் வில்லங்கம் தெரியவில்லை. பிலிமத்தலாவையில் சின்னம்மா வீடு, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் பாதையிலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரர் வேனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

மறுநாள் காலை காரியாலயத்தில் இருக்கும்போது திருச்சியிலிருந்து மாமா மகன் பேசினான். டாக்டர் கையை விரித்துவிட்டாராம், நாளைவரை தாங்குவது சந்தேகமாம். அன்று மாலை விமானத்தில் யாரோ விட்டுக்கொடுத்த இருக்கை ஒன்று இருந்தது. அடுத்த நாளுக்குப் போட்டிருந்த டிக்கட்டை அதற்கு மாற்றினேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வேன் பேராதனையைத் தாண்டும்போது சொன்னேன்.

"பெட்டி கெடக்கட்டும்மா. சின்னம்மா வீட்டுல நிக்க நேரமில்ல. உடுப்பு அங்க போய் வாங்கிக்கலாம்."

"பாஸ்போட்டு அதுலதானே இருக்கு," என்றார் அம்மா.

ஏன் மாற்றி வைத்தீர்கள் என்று கத்தினேன். அம்மா பதறவில்லை.

"வெறும் சீலையையும் ஜாக்கெட்டையும் அனுப்பி வச்சா அது பயணமாகுமா? போறதுக்கு எது வேணுமோ அதத்தானே முன்னால அனுப்பணும்?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

சின்னம்மா வீட்டுக் கேட்டிலும் பூட்டு, கதவிலும் பூட்டு. பள்ளி விடுமுறைதானே, குடும்பத்தோடு நுவரெலியா போயிருக்கிறார்கள், இரவுதான் வருவார்கள் என்றார் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. நாங்கள் வருவது மறுநாள் என்று நம்பிப் போனவர்களை என்ன குறை சொல்வது? போன் எடுத்தால் தொடர்பு இல்லை என்று திரும்பத் திரும்ப ஒரே குரல். இன்னும் கொஞ்சம் முயற்சி செய்வோம் என்றார் என் வீட்டுக்காரர். சொந்தக்காரர் வீட்டுப் பூட்டை உடைத்த பேர் நமக்கெதற்கு என்று அவருக்குத் தயக்கம்.

அம்மா வேனிலிருந்து இறங்கினார். மதிலோரம் கிடந்த கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக் கேட்டுப் பூட்டில் போட்டார். ராகு காலத்தில் வாசல்படி தாண்டாதவர், விளக்கு வைத்த பிறகு உப்புக்கூடக் கைமாற்றாதவர், நடு ரோட்டில் எல்லோரும் பார்க்க இன்னொரு வீட்டுப் பூட்டை உடைத்தார். உள்கதவை என் வீட்டுக்காரர் உடைத்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினோம். எனக்கு அழுகையாக வந்தது. அம்மா அழவில்லை.

கடுகண்ணாவை இறக்கத்தில் மண் சரிந்து ஒரு பக்கம்தான் வாகனம் விட்டார்கள். மலைநாடு பார்க்க ஏறி வருகிற வேன்களும் பஸ்களும் முடியாமல் வந்துகொண்டே இருந்தன. ஒரு வேனுக்குள் பிள்ளைகள் பைலா பாடிக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை அன்றைக்கு நான் வெறுத்தேன். வேறென்ன செய்ய?

போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். விமானம் தரையில்தான் நின்றது. கவுண்டரில் நின்ற பெண்பிள்ளையிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். நேரத்தோடு வந்திருக்க வேண்டும் மெடம் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். வருடக்கணக்காக நான் மற்றவர்களுக்குச் சொன்ன அதே வார்த்தை.

மறுநாளுக்கு இருந்த பழைய டிக்கட்டையாவது திருப்பி எடுக்கலாமென்று பார்த்தேன். நான் விட்ட இருக்கையை யாரோ எடுத்துவிட்டார்கள். அதைத் தொடாமல் இருந்திருந்தால் உடம்பை எடுப்பதற்கு முன்னாவது அம்மா போய்ச் சேர்ந்திருப்பார். மாமா அன்றிரவே போய்விட்டார். உடம்பை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பொறுத்துப் பார்த்துவிட்டு எரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஓர் இருக்கை கிடைத்தது. இனி எதற்கு என்று அம்மாவின் அண்ணியே போனில் கேட்டார். அம்மா போவேன் என்றார். நாள், நேரம் எதையும் பார்க்கவில்லை. பாதை வெறிச்சென்று கிடந்தது. கூட்டம் இல்லை, வரிசை இல்லை, சக்கர நாற்காலி வாசலுக்கே வந்தது. இத்தனை சுலபமான பயணத்தை என் வேலைக்காலத்தில் நான் கண்டதில்லை. நாற்காலியைத் தள்ளிய பெண் ஹட்டன் பக்கம் போல, எங்கள் தமிழில் கேட்டாள்.

"அம்மா யாரப் பாக்கப் போறீங்க?"

"எங்கண்ணன," என்றார் அம்மா.