கடற்குதிரைக்குத் தீனி பொரித்தவள்

கல்யாணமான மறுமாதமே முபாரக் ஷார்ஜாவுக்குக் கிளம்பிப் போய்விட்டான். அங்கே மீன்தொட்டிக் கடை ஒன்றில் அவனுக்கு வேலை. கடைக்குள் நிற்பது குறைவு. பணக்கார வீடுகளுக்குப் போய், கூடத்தில் சுவர் நீளத்துக்கு நிற்கும் தொட்டிகளைக் கழுவி, தண்ணீர் மாற்றி, மீன்கள் சுகமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். சனோபர் மரக்காணத்தில் மாமியார் மெஹரூன்னிசாவோடு இருந்தாள். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. மற்ற நாளெல்லாம் போன்தான்.

போன் பேச்சு எத்தனை நாளைக்கு ஓடும்? நாஷ்டா ஆச்சா, அம்மா மாத்திரை போட்டாங்களா, அங்க வெயில் எப்படி. அதோடு தீர்ந்துவிடும். பிறகு ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி வறண்டு கிடந்த நேரத்தில்தான் கடற்குதிரைகள் வந்தன. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம், தங்கள் வீட்டுச் சின்னத் தொட்டியை முபாரக்கிடம் கொடுத்துவிட்டுப் போனது. பெரிய பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். உள்ளே நாலைந்து குள்ளக் கடற்குதிரைகள். எவ்வளவு தின்றாலும் கட்டைவிரல் மேல்கணுவுக்கு மேல் வளராத ஜாதி. தொட்டியிலேயே பிறந்தவை, கடலைக் கண்டதில்லை. முபாரக் அதைத் தன் கட்டிலின் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். காலையில் தீனி போடும் நேரத்தில் போனைத் தொட்டியில் சாய்த்து வைத்துச் சனோபரைக் கூப்பிடுவான்.

“தோ பாரு, காலைல எழுந்ததும் ஜோடி ஜோடியா வாலைக் கோத்துக்கினு ஒரு சுத்து சுத்தும். அப்புறம்தான் தீனி.”

முதல் வாரம் சனோபருக்கு எரிச்சல்தான் வந்தது. தன்னோடு பேசுகிறவன் கண் தன் மேல் இல்லையே என்று. ஆனால் தொட்டியைப் பார்த்துக்கொண்டு பேசும்போது முபாரக் வேறு ஆளாக இருந்தான். தீனியைச் சொட்டு சொட்டாக விட்டபடியே, எந்த வீட்டில் யார் திட்டினார்கள், சின்ன வயதில் இறந்த தம்பி கனவில் வந்தது, ஊர் மீன்குழம்பு வாசனை, எல்லாம் சொன்னான். இத்தனை பேச்சு இவனிடம் இருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியம்.

“நம்ம வீட்லயும் ரெண்டு வெச்சுக்கலாங்களா?” என்று கேட்டாள்.

“நம்ம ஊர்ல கடற்குதிரை வெச்சா கேஸாயிடும். சும்மா இரு.”

“சரி, அதுங்க என்ன துன்னுது? அதையாவது காட்டுங்க.”

அவன் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்திய பாட்டில். உப்புத்தண்ணீருக்குள் காற்றுக் குமிழி ஓடிக்கொண்டிருந்தது. காப்பித்தூள் மாதிரி இருக்கும் ஒரு நீர்ப்பூச்சியின் முட்டையை அதில் போட்டால் ஒரு நாளில் பொரிந்து, தண்ணீரே ஆரஞ்சு நிறமாகத் துடிக்கும்.

“இதுக்கு வயிறுன்னு ஒண்ணு கிடையாது சனோபர். துன்னது நிக்காம போயிடும். காலைலயும் சாயந்திரமும் போட்டாகணும். அதுவும் உசுரோட அசையணும். செத்ததைத் திரும்பியும் பாக்காது.”

முட்டை டப்பாவின் மேல் ஒரு பூச்சியின் படம் இருந்தது. சிவப்பாக, இறகு போன்ற கால்களோடு. சனோபர் போனைக் கண்ணருகே கொண்டுவந்தாள். “இது நம்ம உப்பளத்துல இருக்குதுங்க!”

பக்கத்துத் தெரு அம்சவல்லி உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவளோடு ஒருநாள் போய், உப்பு விளையும் பாத்திகளுக்குத் தண்ணீர் தேக்கி வைக்கும் இடத்தில் குனிந்து பார்த்தாள். வெயிலில் கொதித்துக் கிடந்த அந்தத் தண்ணீரில் அதே பூச்சி மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தது. கரையோரம் பழுப்புத் தூளாக முட்டை ஒதுங்கியிருந்தது.

“வருஷா வருஷம் மிதிச்சுக்கினு போற குப்பை இது. இத்த எதுக்குடி அள்ற?” என்றாள் அம்சவல்லி.

சனோபர் அதைப் பழைய துப்பட்டாவில் வடிகட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பாண்டிச்சேரி மீன் கடையில் காற்று மோட்டார் வாங்கினாள். அவன் சொல்லச் சொல்ல, ஜன்னலோரம் ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கட்டினாள். இரண்டு முறை தண்ணீர் நாறிப்போனது. மூன்றாவது முறை பொரிந்தது. அதிலிருந்து, அங்கே அவன் பாட்டிலைத் திறக்கிற நேரத்தில் இங்கே அவளும் திறப்பாள். முட்டை ஓட்டைப் பிரிப்பாள், பூச்சியை அலசுவாள், சொட்டு மருந்துக் குழாயில் உறிஞ்சுவாள். போடுவதற்குத்தான் மீன் இல்லை. சாயந்திரம் அம்சவல்லி கையில் கொடுத்து உப்பளத்திலேயே விடச் சொல்வாள்.

“மீனே இல்லாத வூட்ல மீனுக்குத் தீனியா? யாருக்குடி ஆக்கி வெக்கிற?” என்று மாமியார் கேட்பார்.

அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஒருநாள் காலை போன் வரவில்லை. மத்தியானம் அவனோடு அறையில் தங்கியிருக்கும் வானூர்க்காரன் ராஜவேல் கூப்பிட்டான். அங்கே வேன் ஓட்டுகிறவன்.

“அண்ணி, பயப்படாதீங்க. பாய்க்கு ராத்திரி வயித்துவலி. குடல்வால் வெடிச்சிடுச்சாம். ஆபரேஷன் பண்ணிட்டாங்க. ஆனா இன்னும் கண்ணு முழிச்சுப் பேசல.”

மெஹரூன்னிசா தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. சனோபருக்கு அழுகைகூட வரவில்லை. கடல் தாண்டிக் கிடக்கிறவனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்க முடியாது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. மறுநாள் வழக்கமான நேரத்தில் கை தானாகப் போனை எடுத்தது.

“தம்பி, தொட்டிக்குத் தீனி போட்டீங்களா?”

“என்ன அண்ணி, இந்த நேரத்துல போய்…”

“போட்டீங்களா, இல்லையா?”

“இல்ல அண்ணி. எனக்கு அதெல்லாம் தெரியாது.”

“போனைத் தொட்டிகிட்ட வைங்க. நான் சொல்றேன். முதல்ல காத்து மோட்டாரை நிறுத்துங்க. பாட்டிலுக்குக் கீழ டார்ச் அடிங்க. பூச்சி வெளிச்சத்துக்கு எறங்கி வரும், ஓடு மேல மிதக்கும். ஓடு ஒண்ணுகூட உள்ள போவக் கூடாது, தொண்டைல மாட்டிக்கும். மெதுவா தம்பி, மெதுவா.”

வேன் ஓட்டிப் பழகிய கைக்குச் சொட்டுக்குழாய் பிடிபடவில்லை. அரைமணி நேரம் ஆனது. ஒரு சொட்டு ஆரஞ்சு தண்ணீரில் பரவியதும், கொடி மாதிரி நின்ற புல்லில் வாலைச் சுற்றியிருந்த கடற்குதிரைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின. சனோபர் அன்றுதான் ஒரு டம்ளர் டீ குடித்தாள்.

காலையும் மாலையும் அப்படியே நடந்தது. ஒருநாள் ராஜவேல் அலறினான்.

“அண்ணி! ஒண்ணுக்கு வயிறு ஊதிப்போய் குனிஞ்சு குனிஞ்சு எழுந்துக்குது. சாவப் போவுதா?”

அவள் உற்றுப் பார்த்தாள். “சாவாது. குட்டி போடப் போவுது.”

“பொட்டையா அது?”

“இல்ல தம்பி, ஆம்பள. இதுங்கள்ல ஆம்பளதான் சுமக்கும்.”

“அடக் கடவுளே!” என்று அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அது வளைந்து ஒரு தள்ளு தள்ளியது. இமைமுடித் துண்டு போல ஒன்று வெளியே வந்து, பிறந்த கையோடு ஒரு புல்லைத் தேடி வாலைச் சுற்றிக்கொண்டது. பின்னாலேயே இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சனோபருக்கு அதுவரை வராத அழுகையெல்லாம் வந்தது.

முபாரக் பேசத் தொடங்கியபோது, கன்னம் ஒட்டிய முகத்தோடு முதலில் அம்மாவைக் கேட்டான். பிறகு, “தொட்டி போச்சா?” என்றான்.

“எல்லாம் உசுரோட இருக்குது. குட்டியும் போட்டிருக்குது. நீங்க வந்து சேருங்க.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உடம்பு தேற ரெண்டு மாத லீவில் வந்தான். ஆனால் வந்தவன் பேசவில்லை. சனோபர் பத்தியமாகச் சமைத்தாள், தலையணை மாற்றினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் ராஜவேலைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனை வருஷம் யாரைக் காணவில்லை என்று ஏங்கினாளோ, அவன் கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்தான். அவளுக்கோ போனில் பேசிய அந்த முபாரக்தான் வேண்டியிருந்தது. இதை யாரிடம் சொல்வது?

ஒருநாள் காலை, “வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்,” என்று உப்பளத்துக்கு அழைத்துப்போனாள். தேக்கத்தின் கரையில் இருவரும் குந்தினார்கள். தண்ணீருக்குள் சிவப்புப் பூச்சிகள் துடித்துக்கொண்டிருந்தன. முபாரக் விரலைத் தண்ணீரில் விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தான்.

“ஆஸ்பத்திரில ரொம்ப பயந்துட்டேன் சனோபர். செத்தா என் மய்யித்தைக்கூட நீ போன்லதான் பாப்பியோன்னு.”

அவளும் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். “அப்படிச் சொல்லாதீங்க. ஒண்ணு நீங்க இங்க வாங்க. இல்ல, என்னை அங்க கூட்டிக்கினு போங்க. நடுவுல நிக்க இனிமே என்னால ஆவாது.”

வெயில் ஏறும்வரை பேசினார்கள். அதன்பிறகு லீவு முடியும்வரை தினமும் அங்கே போனார்கள்.

அவன் திரும்பிப் போனான். கிழட்டுக் கடற்குதிரைகள் ஒவ்வொன்றாக இறந்தன. அவற்றின் ஆயுசு அவ்வளவுதான். குட்டிகள் பெரிதாகி வாலைக் கோத்துச் சுற்ற ஆரம்பித்தன. சனோபருக்குப் பாஸ்போர்ட் வந்தது. பக்ரீத் முடிந்து கூப்பிடுவதாக இருந்தது. தனியாக ஓர் அறை அமையவில்லை என்று தள்ளிப்போனது. “பனிக்காலத்துல கட்டாயம், இன்ஷா அல்லாஹ்,” என்றிருக்கிறான்.

ஐப்பசி மழையில் உப்பளம் முழுவதும் ஒரே வெள்ளக்காடு. வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. வேலையில்லாத அம்சவல்லி ஒருநாள் வந்து உட்கார்ந்து, “எப்பதான் கிளம்பற?” என்று கேட்டாள்.

“கூப்ட்டதும்,” என்றாள் சனோபர். மழைச் சத்தத்தில் காதில் விழாமல் போய்விடுமோ என்று போனை மடியிலேயே வைத்திருந்தாள்.