தக்காளிப் பெட்டி மேல் நின்ற மெஷின்

பிள்ளைகளே, இன்று நம் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தடதடவென்று ஆடியதே, அந்தச் சத்தம் என்னை ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

என் அம்மாவுக்குக் கம்பெனியில் இரும்பு கடையும் லேத் வேலை. சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட் எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெடித்திருக்கும். சோப்புத் தண்ணீர் பட்டால் எரியும். அதற்காகவே அப்பா ஒரு பழைய மெஷின் வாங்கிவந்தார். தரை ஈரம் ஏறாமலிருக்க, ராயக்கோட்டைத் தக்காளி வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்தினார். சீக்கிரமே மெஷின் குதிக்கத் தொடங்கியது.

"மோட்டார் போயிருச்சு. பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்றார் அப்பா.

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு கம்பெனியில் எந்திரத்தின் பேரிங் கெட்டிருக்கிறதா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுபோல, ஸ்க்ரூடிரைவர் முனையை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தாள். மேலே கேட்டாள், நடுவே கேட்டாள், கடைசியாகப் பெட்டியில் கேட்டாள்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க தக்காளிப் பெட்டிதான் ஆணி கழண்டு ஆடுது."

அப்பா சிரித்துக்கொண்டே செங்கல் தேடப் போனார். மெஷின் ஓடி முடியும்வரை அம்மா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்படி அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நம் மெஷினில் தளர்ந்திருந்தது அடியில் ஒரு காலின் திருகுதான். அதைக் கண்டுபிடிக்க நான் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தபோது, "யாருக்குப்பா போன் பண்றீங்க?" என்று கேலி செய்தீர்களே, என் அம்மாவுக்குத்தான்.