கேள்வி புரிவதற்கு ஒரு வகுப்பு

முதலாம் ஆண்டுப் பரீட்சையில் புள்ளிவிபரவியலில் நான் சித்தியடையவில்லை. உயர்தரத்தில் கணக்குதான் எனக்குக் கைகொடுத்த பாடம். அதை நம்பித்தான் மஹய்யாவையில் எங்கள் வரிசை வீடுகளில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். பெறுபேறு வந்த அன்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். சொன்னதும் அம்மா கோபப்படவில்லை.

"சரி விடு. திரும்ப எழுதலாந்தானே?"

எழுதலாம். ஆனால் திரும்ப எழுதினாலும் இதேதான் நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாலர் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை தமிழிலேயே படித்துவிட்டு, விரிவுரை, பாடக்குறிப்பு, வினாத்தாள் எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கும் இடத்துக்கு வந்திருந்தேன். தொடக்கத்தில் நடத்திய ஆங்கில வகுப்பு சில கிழமைகளில் முடிந்துபோனது. அந்தப் பாடத்தின் விரிவுரையாளர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசுவார். ஆனால் ஒரு சொல்லை நான் மனதில் தமிழாக்கி முடிப்பதற்குள் அவர் மூன்று வசனம் தாண்டியிருப்பார். பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து அகராதியோடு உட்காருவேன்.

என்னோடு ஒன்றாகப் படித்தவள் அக்குறணைக்காரி. அவளும் தமிழ்மொழியில் படித்தவள்தான். ஆனால் லீவு நாட்களில் வாப்பாவின் துணிக்கடையில் நின்று நின்று மூன்று மொழியும் அவளுக்குச் சரளமாக வரும். 'சொல்லு' மட்டும் அவர்கள் ஊர் வழக்கில் 'செல்லு' என்றுதான் வரும். மாணவர் ஒன்றியத்துக்கு எங்கள் வருடத்திலிருந்து ஒரு பிரதிநிதி வேண்டும் என்று அறிவித்தபோது, கென்டீனில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அந்த இடத்துக்கு நீ கேளு."

"நானா? பெயில் விட்டவள யாரு தெரிவு செய்வா?"

"பெயில் விட்டவங்கதான் போகோணும். பாஸ் பண்ணினவங்களுக்கு அங்க போய்ச் செல்ல என்ன ஈக்கிது?"

வேறு யாரும் முன்வராததால் போட்டியில்லாமலே தெரிவானேன்.

ஒன்றியத்தின் முதல் கூட்டம் முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. விடுதியில் தண்ணீர் வராதது, கென்டீன் சாப்பாடு, விளையாட்டுச் சாமான்கள் என்று பேச்சு போனது. கடைசியில் தலைவர், வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். அவர் பொலன்னறுவைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, இறுதியாண்டு மாணவர். எனக்குச் சிங்களம் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு வரும். அதை வைத்துக்கொண்டு, பாடம் விளங்காதவர்களுக்கு அவரவர் மொழியில் மேலதிக வகுப்பு கேட்க முடியுமா என்றேன். சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. இது தமிழ்ப் பிள்ளைகளின் பிரச்சினை, தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

தலைவர் பேனாவை மேசையில் வைத்தார். "மடத் எஹெமய், நங்கி," என்றார். எனக்கும் அப்படித்தான், தங்கச்சி.

அவரும் சிங்களத்தில் மட்டும் படித்து வந்தவராம். அதே பாடத்தை மறுபடி மறுபடி எழுதித்தான் சித்தியடைந்தாராம். அவர் சொன்னதும் மேசையைச் சுற்றியிருந்த இன்னும் சிலர் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வளாகத்தில் எனக்கு மூச்சு சீராக வந்தது. தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இதைத்தான் கேட்கவேண்டும் என்று ஒன்றியம் முடிவெடுத்தது.

பீடாதிபதியைச் சந்திக்க நேரம் கிடைக்கவே பல நாள் ஆனது. தலைவரும் நானும் போவதென்று ஏற்பாடு. அவர் முன்னால் பேச என் சிங்களம் போதாது, ஆங்கிலமோ வாயைத் திறக்கவிடாது. அக்குறணைக்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வைத்து அவள் என் கையைப் பிடித்தாள்.

"நீ தமிழ்லயே செல்லு. நான் ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

பீடாதிபதி கண்டிப்பான அம்மையார். பக்கத்துக் கதிரையில் எங்கள் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் இருந்தார். அவரையும் அழைத்திருப்பது எங்களுக்குத் தெரியாது. தலைவர் கோரிக்கையைச் சொன்னார். மேலதிக வகுப்புக்கு ஆட்களில்லை, இடமும் இல்லை என்றார் அம்மையார். பிறகு என்னைப் பார்த்து, "விளங்காவிட்டால் வகுப்பிலேயே கையை உயர்த்திக் கேட்கலாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது எனக்கு விளங்கியது.

"கேக்குறதுக்கும் இங்கிலீசு வேணும் மெடம்," என்றேன் தமிழில்.

தோழி அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாள். விரிவுரையாளர் மெதுவாக, எந்தக் கேள்வியில் தடுமாறினேன் என்று கேட்டார். பெட்டியிலிருந்து மின்குமிழ்களை எடுக்கும் கேள்வி அது. 'அட் லீஸ்ட் டூ' பழுதாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்டிருந்தார்கள். 'லீஸ்ட்' என்றால் மிகக் குறைவு என்று அகராதியில் படித்திருந்தேன். அதனால் கேட்டது 'இரண்டு அல்லது அதற்கு மேல்' என்று தெரியாமல், இரண்டும் அதற்குக் குறைவும் என்று எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் செய்திருந்தேன்.

அதைத் தோழி சொன்னபோது விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பிழையை நான் எத்தனையோ தாள்களில் பார்த்திருக்கிறேன்," என்றார். "கணக்குத் தெரியாமல் எழுதுகிறார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன்."

பிறகு பீடாதிபதியின் பக்கம் திரும்பி, பின்னேரங்களில் ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து அறை சும்மாதான் கிடக்கிறது, தானே பொறுப்பெடுக்கிறேன் என்றார். அம்மையார் நேர அட்டவணையைப் புரட்டினார். ஒரு அரையாண்டுக்கு நடத்திப் பாருங்கள், மேல்வகுப்பு மாணவர்கள் படிப்பிக்கட்டும், பலன் இருந்தால் மேலே பேசுவோம் என்றார். நாங்கள் எழும்பும்போது, "அடுத்த முறையும் தமிழிலேயே பேசுங்கள்," என்று என்னிடம் சொன்னார். அந்த வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிங்கள வகுப்பைத் தலைவரே எடுத்தார். தமிழ் வகுப்புக்கு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரைக் கேட்டோம். இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர். மறுத்துவிடுவார் என்றே நினைத்தோம்.

"ஓம், வாறன். ஆனா ஒண்டு. விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லோணும். சும்மா தலையாட்டினா நான் எழும்பிப் போயிடுவன்."

முதல் நாள் நல்ல மழை. நாலைந்து பேர்தான் வந்தோம். அக்கா கணக்கைத் தொடவே இல்லை. வினாத்தாளில் ஒரு வசனத்தை எடுத்து, அது என்ன கேட்கிறது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார். ஆளுக்கொரு விதமாகச் சொன்னோம். எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். தெரியாததைச் சொல்லிச் சிரிக்க முடிந்த பிறகு படிப்பு இலேசாகிவிட்டது. கிழமைகள் போகப்போக ஹட்டன், பதுளைப் பிள்ளைகளும் மட்டக்களப்புப் பிள்ளைகளும் வந்து, கதிரை போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கிவந்தோம். விரிவுரையாளர் சில நாள் வந்து கடைசி வரிசையில் இருப்பார். தமிழ் அவருக்குத் தெரியாது. எந்த இடத்தில் நாங்கள் நின்றுவிடுகிறோம் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். அதன்பின் அவர் வினாத்தாளில் வசனங்கள் குட்டையாகின.

மீள்பரீட்சையில் சித்தியடைந்தேன். பெரிய புள்ளி ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று தெரிந்து எழுதினேன்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. நூலகத்தைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கச் சொன்னோம், நடக்கவில்லை. இரசாயனவியலுக்கு இப்படி ஒரு வகுப்பு வருவதற்குள் எங்கள் வருடத்து அணி வெளியேறிவிட்டது. இருந்தாலும் அரையாண்டு முடிந்ததும் பீடாதிபதி அறையைத் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா ஊருக்குப் போன பிறகு அந்த வகுப்பை நான் எடுத்தேன். படிப்பிக்கும்போதுதான் அந்தப் பாடம் முழுதாக எனக்குச் சொந்தமானது.

பட்டமளிப்பு அன்று விரிவுரையாளரை அம்மாவுக்குக் காட்டினேன். பெரியாஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த காலத்தில் அம்மா பழகிய சிங்களம், என்னுடையதைவிட எவ்வளவோ மேல். நன்றி சொல்லி, ஒரு நாளைக்கு வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வாங்க என்று கூப்பிட்டார். மரியாதைக்குச் சொல்வது, அவரும் மரியாதைக்குத் தலையாட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் உண்மையாகவே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மனைவியோடு, வழி விசாரித்து விசாரித்து எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து வந்தார். அப்பா அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அம்மா சுடச்சுட உளுந்து வடை சுட்டார். நான் இப்போது கட்டுகஸ்தோட்டையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன் என்று அப்பா சொன்னதும், விரிவுரையாளர் என்னைப் பார்த்து, "எந்த மொழியில்?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு விளங்குற மொழியில, சேர்."

தோழி பக்கத்தில் இல்லை. நானே சிங்களத்தில் சொன்னேன். அவர் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.