மாமனாருக்கு எட்டவில்லை

எலிக்கூடத்தின் கதவைத் திறக்கும் முன் இரண்டு முறை தட்டுவார் கூண்டக்கா. உள்ளே இருப்பவை இருபது சுண்டெலிகள். எதுவும் "வாங்க" என்று சொல்லப்போவதில்லை. "சட்டுனு போய் நின்னா பெருசுங்க பதறிடும்" என்பார்.

வயது ஐம்பத்தொன்பது. ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டு கழுவுவதும் தீவனம் வைப்பதும் வேலை. சாமான் அறை என் பொறுப்பு என்பதால் காலையில் முதல் தரிசனம் எனக்குத்தான். மேல்தட்டிலுள்ள கையுறைப் பெட்டியை நுனிக்காலில் நின்று எடுப்பார். ஒவ்வொன்றையும் ஊதி உப்பவைத்துப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் வசவும் எனக்குத்தான்.

எலிகளில் பத்து இளசு, பத்து கிழடு. நரம்பு செல்லில் பழைய புரதம் கழிந்து புதியது வர, வயதானால் எத்தனை நாள் கூடுகிறது என்று ஒரு மாணவி ஆராய்கிறாள். சற்றே கனமான அணுக்களை அடையாளமாகச் சேர்த்த தீவனத்தைத் தின்றால், மூளையில் உருவாகும் புதுப் புரதத்தில் அந்த அடையாளம் தெரியும், பழையதில் இருக்காது. அக்காவுக்கு இதைப் படம் போட்டு விளக்கினாள்.

"கிழடுங்க மூளைக்குக் குப்பை வண்டி லேட்டா வருதான்னு பாக்குறீங்க. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்க்கா. அதுக்குத்தான் அஞ்சு வருஷமா படிக்கிறேன்."

போன திங்களன்று அந்தத் தீவனம் வைத்தார்கள். கிழடுகளில் மூத்தவருக்கு மாமனார் என்று பெயர், சூட்டியவர் அக்காதான். வயது இரண்டரை. மற்ற எல்லாம் தின்றன; மாமனார் ஒரு வில்லையைக்கூடத் தொடவில்லை. மறுநாளும் தின்னாவிட்டால் அவரை ஆய்விலிருந்து நீக்கியாக வேண்டும். இன்னொரு மாமனாரை வளர்த்தெடுக்க இன்னும் இரண்டரை வருடம் வேண்டும். "ருசி பிடிக்கலையோ?" என்று மாணவி அழாத குறை.

அக்கா கூண்டின் முன் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தார். வழக்கமான தீவனம் தட்டு நிறையத் தாழத் தொங்கும்; இந்த வில்லைகளோ எண்ணி வைத்த சில, மேலே கம்பித் தட்டின் கோடியில் இருந்தன. மாமனார் பின்னங்காலில் எழுந்தார், ஆடினார், பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ருசியாவது கிசியாவது! எட்டலைம்மா அவருக்கு. நானே போன வருஷம் டீத்தூள் டப்பாவைக் கீழ இறக்கிட்டேன்."

இரண்டு வில்லையை எடுத்துக் கூண்டின் தரையில் வைத்தார். மாமனார் முகர்ந்தார், கடித்தார், பிறகு நிறுத்தவே இல்லை. மாணவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கதவோரம் நின்று பார்த்த எனக்கும் கைதட்டலாம் போலிருந்தது.

"ஆனா அக்கா," என்று இழுத்தாள் மாணவி, "இவருக்கு மட்டும் தரையில வெச்சா ஆராய்ச்சி செல்லாது. இருபதுக்கும் ஒரே மாதிரி இருக்கணும்."

"அதுக்கென்ன? மாமனாருக்காக இளவட்டமும் குனிஞ்சு சாப்பிடட்டும்."

முழங்கால் சடசடக்க, இருபது கூண்டிலும் தீவனத்தைக் கீழே இறக்கினார். முடித்ததும் நேராக என் சாமான் அறைக்கு வந்தார். நுனிக்காலில் நின்று கையுறைப் பெட்டியை எடுத்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், அதைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனார்.