கோளாறு இல்லாத ஸ்டேஷனில் இழுத்த கயிறு

ஒரகடத்தில் கார் சீட் அசெம்பிளி செய்யும் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். எங்கள் லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு மேலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். போல்ட் சரியாக இறங்காவிட்டால் ஆபரேட்டர் அதை இழுப்பார். லைன் நின்றுவிடும். சூப்பர்வைசர் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

போன மாதம் காலை ஷிப்டில், டீ பிரேக் முடிந்த கையோடு லைன் நின்றது. இழுத்தது பிள்ளைப்பாக்கம் குமரவேல். முதல் பிள்ளை பிறந்ததற்கு அண்மையில்தான் லைன் முழுக்க லட்டு கொடுத்திருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். போல்ட் எல்லாம் சரியாகவே இருந்தன.

"இன்னா மாமே, தொட்டில் கயிறுன்னு நெனச்சி இழுத்துட்டியா?" என்றான் பக்கத்து ஸ்டேஷன் சேகர். எல்லோரும் சிரித்தார்கள். குமரவேல் கயிற்றை விடவே இல்லை.

"எங்கேப்பா பிரச்சனை?" என்று கேட்டேன்.

"பார்ட்ல ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான்." குரல் இறங்கியது. "புள்ளையத் தொடவே பயமா கீது. நா இல்லாம போயிட்டா பொண்டாட்டி புள்ள ரெண்டும் நல்லா இருக்கும்னு மனசு சொல்லிக்கினே கீது. யாரக் கூப்புடறதுன்னு தெரில. கயித்த இழுத்தா நீங்க வருவீங்கல்ல."

வேறு ஆளை அங்கே நிறுத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து மெடிக்கல் சென்டருக்கு அழைத்துப் போனேன். வழியில் மேனேஜர் போனில் கத்தினார். "டிஃபெக்ட் இல்லாம லைன நிறுத்தினது யாருய்யா?"

"பெரிய கோளாறு சார். வந்து சொல்றேன்."

தகவல் சொன்னதும் குமரவேலின் மனைவி குழந்தையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இவருக்கு எம்மேலதான் வெறுப்புன்னு நெனச்சிகினு இருந்தேன் சார். அம்மா வூட்டுக்குப் போவப் பைய கட்டி வெச்சிட்டேன்."

"புள்ள பொறந்தா அம்மாவுக்கு மட்டுமில்லம்மா, அப்பாவுக்கும் இப்படி வரும். வைத்தியம் இருக்கு. இப்ப இவரத் தனியா விடாதீங்க" என்ற டாக்டர், அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பினார். குமரவேல் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். நைட் ஷிப்ட் கிடையாது. கட்டிய பையை மனைவி பிரித்துவிட்டார்.

புதிதாகச் சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்குச் சொல்கிறேன். லட்டு கொடுப்பவரிடம் பாப்பாவையும் அம்மாவையும் விசாரிக்கிறோம். லட்டு கொடுப்பவரையும் விசாரியுங்கள்.

அன்று ஷிப்ட் முடிந்து படப்பையில் இறங்கியதும், தாம்பரத்தில் இருக்கும் என் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தை.

"பாப்பா நல்லா இருக்கா மாமா" என்றார், வழக்கம்போல.

"பாப்பாவக் கேக்கல மாப்ள. நீங்க எப்படி இருக்கீங்க?"

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "நேர்ல வர்றீங்களா மாமா?" என்றார்.

முதலில் வந்த தாம்பரம் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.