ஆயிரத்தோடு நிறுத்தியவள்

அப்பா போன பிறகு அந்த வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவன் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். தங்கை, சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். பன்னிரண்டாம் வகுப்போடு வீட்டில் உட்காரவைக்கப்பட்டவள். மாலைக் கல்லூரியில் கணக்குப் படிக்கிறேன் என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

அண்ணன் மறுக்கவில்லை. ஓர் எண்ணைச் சொன்னான்: 10,18,081.

"இது பகா எண்ணா இல்லையான்னு கையால போட்டுப் பாத்துச் சொல்லு. சரின்னா நானே கொண்டுபோய்ச் சேத்துவிடுறேன். தப்புன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எதுவரைக்கும்ணா வகுக்கணும்?"

"வர்க்கமூலம் வரைக்கும். பத்து லட்சத்துக்கு என்ன?"

"ஆயிரம்."

"அப்புறமென்ன?"

வெட்டி எறிந்த துணிகளில் சாக்பீஸால் வகுத்தாள். ஏழால் வகுத்தபோது ஒன்று மிஞ்சியது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எந்த விடையானாலும் அவளுக்குச் சரிதான்; ஆனாலும் எதற்கும் வகுபடாமல் அது தப்பிவிட வேண்டுமென்று ஒவ்வொரு மீதியையும் ஆசையாகப் பார்த்தாள்.

"ஏம்மா கணக்கு, இந்தக் கோணல் காலரை எதால வகுத்தே?" என்றார் மேற்பார்வையாளர்.

"விடுங்க சார், அவ காலேஜ் போயிட்டா நமக்கு நல்ல காலர் கிடைக்கும்" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

ஆயிரத்துக்குள் கடைசிப் பகா எண் 997. ஈவு 1021, மீதி 144. வகுத்த எண்ணைவிட ஈவு இன்னும் பெரிதாக இருந்தது. வேலை முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆனால் அண்ணனே ஆயிரம் என்றானே என்று சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

சித்தப்பாவும் சித்தியும் சாப்பிட வந்திருந்த நாளில் அண்ணன் கேட்டான்.

"பகா எண்தான்ணா."

"அடிச்சுச் சொல்றியா?"

"அடிச்சுச் சொல்றேன்."

அவன் ஈரக்கையோடு காகிதத்தில் எழுதி நீட்டினான்: 1009 × 1009. அவள் நின்றபடியே பெருக்கிப் பார்த்தாள். சரியாக வந்தது.

"நீதானேண்ணா ஆயிரம் வரைக்கும்னு..."

"பத்து லட்சத்துக்குத்தான் கேட்டேன். மேல இருக்கிற பதினெட்டாயிரத்து எண்பத்தொண்ண உன் மாமியாரா வந்து பாப்பா?"

சித்திக்குச் சிரிப்பில் புரையேறியது.

"இதுல என்னடா வேடிக்கை?" என்றார் சித்தப்பா, விளங்காமல்.

"ஆயிரத்துக்குள்ள இருக்கிற எந்தப் பகா எண்ணாலயும் இது மடங்காது, சித்தப்பா. ஆயிரத்தைத் தாண்டின முதல் பகா எண் 1009. அது ஒண்ணுதான் இதை உடைக்கும். இவ எங்க நிறுத்துவான்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"அடுத்த எண்ணுக்குப் போயிருந்தா?" என்று கேட்டாள் அவள்.

"போயிருக்க மாட்டே. நான் சொன்னா நீ கேப்பே."

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து சித்திக்கு ஊற்றினாள். கல்லூரிப் பேச்சு அதன்பின் அந்த வீட்டில் எழவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அண்ணன் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, ஆயிரத்தோடு நிறுத்திய ஒருத்தியின் கதையைச் சொல்வான். வகுப்பே சிரிக்கும். அன்றைக்கு அவன் போட்டுப் போகும் சட்டையை முதல்நாளே இஸ்திரி போட்டு வைப்பது அவள்தான்.