மஞ்சள் விளக்கும் ஜமால் பாயின் சலாமும்

காற்றடிக்கிற தொழிலில் முன்பெல்லாம் நம் வேலை சரியில்லை என்றால் அதை ரோடு சொல்லும். இப்போது காரே சொல்லிவிடுகிறது, அதுவும் கஸ்டமர் பக்கத்தில் நிற்கும்போதே.

கூனிமேடு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஈ.சி.ஆர். ஓரமாக டயர் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஸ்டெல்லா. மரக்காணத்து உப்பு லாரிகளில் தொழில் பழகி, மெதுவாகக் கார் டயருக்கு வந்தவள். லாரி டயர் தங்கமானது. ஆணி குத்தினால் படுத்துவிடும், ஒட்டினால் எழுந்துகொள்ளும், ஒரு பேச்சுக் கிடையாது. புதுக் கார்கள் அப்படியா? நாலு சக்கரத்துக்குள்ளேயும் வால்வை ஒட்டி ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. காற்றுக் குறைந்தாலும் சரி, சென்சாருக்கே ஏதாவது ஆனாலும் சரி, டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். குதிரை லாடத்துக்கு நடுவே ஆச்சரியக்குறி போட்ட மாதிரி இருக்கும். பஞ்சர் ஒட்டி, காற்றுப் பிடித்து, எல்லாம் முடிந்த பிறகும் அணையாமல் முறைக்கிற அந்த விளக்கைப் பார்த்து நொந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உட்காருங்கள், நம் கஷ்டத்தைப் பேசுவோம்.

வலை இழுத்த கை

ஜமால் பாய் எங்கள் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கார் வாங்கினார். வாங்கியது மகள் நசீராவுக்காக. அவள் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், தொங்கிக்கொண்டு வருவாள். லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. "பத்து நாள் நான் ஓட்டிப் பாக்கறேன், வண்டி ஒழுங்கா இருந்தா சாவி உனக்கு" என்று பாய் சொல்லியிருந்தார். ஒன்பதாவது நாள் ஆணி குத்தியது.

என்னிடம் வேலை செய்கிற செல்வம் குப்பத்துக்காரர். பதினெட்டு வருஷம் கடலுக்குப் போய்விட்டு டயருக்கு வந்தவர். வலை இழுத்த கை. எதைப் பிடித்தாலும் முழுப் பலத்தோடு இழுத்துத்தான் பழக்கம். பாயின் டயரைக் கழற்றும்போது நெம்புகிற லிவரைச் சரியாக வால்வு பக்கத்தில் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே 'டொக்' என்றது. பஞ்சர் ஒட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தால் மஞ்சள் விளக்கு. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. சென்சார் எங்கள் கையால்தான் உடைந்தது, புதிது வரவழைத்துப் போட்டுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கூட வந்திருந்த நசீராவின் முகம் சுருங்கிப் போனது. பாய் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அட, கோவம்லாம் இல்லம்மா. அந்த வெளக்கு அணையற வரைக்கும் பொண்ணு பஸ்லயே போவட்டும், அவ்ளோதான்."

டிபன் பாக்ஸ்

புது சென்சாருக்காகக் காத்திருந்த வாரத்தில் உப்பளத்துக் குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். அவர் காரிலும் அதே மஞ்சள் விளக்கு. உப்பளப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உப்புக் காற்று ரிம்மை அரித்து, அந்தச் சந்து வழியாகக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும் என்று டியூப்லெஸ் டயருக்குள்ளேயும் டியூபைப் போட்டுவிடுவார்கள். டிராக்டருக்குச் செய்ததையே இவர் புதுக் காருக்கும் செய்திருந்தார். டியூப் வாய் வெளியே வர ஓட்டை வேண்டும். அதனால் இருந்த வால்வையெல்லாம் சென்சாரோடு பிடுங்கி எடுத்துவிட்டார்.

"அதெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். நாலும் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. "ஐயா, இது காற்று இருக்கிற இடத்தில் இருந்தால்தான் இருக்கிறது என்று சொல்லும். டிபன் பாக்ஸில் காற்று இல்லை, அதனால் இல்லை என்று உண்மையைச் சொல்கிறது" என்று விளக்கினேன். அவர் நாலையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார்: "அப்படின்னா இந்த டப்பாவுக்குள்ள கொஞ்சம் காத்து புடிச்சுக் குடுங்களேன்."

ஷட்டருக்கு அடியில்

சென்சார் வந்தது. செல்வத்தை டீ குடிக்க அனுப்பிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி நானே மாட்டினேன். அந்தக் காரில் புது சென்சார் போட்டால் கார் அதைப் புது மருமகளைப் போலத்தான் பார்க்கும். கொஞ்ச நேரம் பழகினால்தான் ஏற்றுக்கொள்ளும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்று வைத்து, இருபது நிமிஷம், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே, நிற்காமல் ஓட்ட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. இதைப் பாயிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்ற நசீராவைப் பார்த்து, அணைந்ததா என்று கையால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பாய் திரும்பி வந்தார். சென்சாரைச் சோதிக்கிற கருவியை வைத்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன். நாலு சென்சாரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லின. போனார், வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். "சொன்ன மாதிரி ஓட்டினீங்களா பாய்?" என்றால், "ஓட்டினேனே!" என்பார். எனக்கு மானமே போயிற்று. எங்கள் கை பட்டுக் கெட்ட வண்டி. அதை நம்பி ஒரு பெண் ரோட்டில் நிற்கிறாள். அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் ஷட்டரை முழுசாகத் தூக்குவது என்று வைத்துக்கொண்டேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே ரோட்டைத் தாண்டி வந்தாள்: "அக்கா, ஒளியாதீங்க. ஷட்டருக்கு அடியில உங்க காலு நல்லா தெரியுது."

ஸ்டிக்கர் பொட்டு

பெருமுக்கல்லிலிருந்து ஒரு வாத்தியார் மனைவியோடு வந்தார். சும்மா காற்றுப் பிடிக்க. மூன்று சக்கரம் முடித்து நாலாவதுக்குப் போனால், அது ஸ்டெப்னி. அளவும் சின்னது, உள்ளே சென்சாரும் கிடையாது. "சார், விளக்கு எரியணுமே?" என்று எட்டிப் பார்த்தேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மெரூன் கலரில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

வாத்தியார் அசரவில்லை. பஞ்சர் ஆனபோது ஸ்டெப்னியை மாட்டினாராம், பஞ்சரான டயர் டிக்கியிலேயே இருக்கிறதாம், நேரம் கிடைக்கவில்லையாம், ராத்திரியில் அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். பாவம் அந்த விளக்கு, மூன்று மாதமாகப் பொட்டுக்குப் பின்னால் நின்று உண்மையைக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. பொட்டை நகத்தால் உரித்து எடுத்தேன். பின் சீட்டிலிருந்து அந்த அம்மா தலையை நீட்டினார்: "என் பொட்டு அட்டையில ஒண்ணு கொறையுதுன்னு வேலைக்காரிய சந்தேகப்பட்டேனே, பாவி மனுஷா!"

சலாம்

வாத்தியார் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஓட்டுகிற ஆளை நான் பார்க்கவே இல்லை. அடுத்த தடவை பாய் வந்தபோது, "நானும் கூட வர்றேன், வண்டியை எடுங்க" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

கிளம்பி முழுசாக ஒரு நிமிஷம் ஆகவில்லை. டீக்கடை வந்தது. பாய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். உள்ளேயிருந்து நாலு பேர் பதில் சொன்னார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அடுத்து மீன் கூடையோடு நின்ற அம்மாவிடம் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டார். பிறகு பள்ளிவாசல் திருப்பம், அங்கே இரண்டு பேர். பிறகு ஒரு தையல்காரர், மிஷினை விட்டு எழுந்தே வந்துவிட்டார். இடையில் ரோடு காலியாகக் கிடந்த இடத்திலும் வேக முள் முப்பதைத் தாண்டவில்லை. இருபது நிமிஷம் முடிந்தபோது நாங்கள் கூனிமேட்டைத் தாண்டவே இல்லை. கார் பாவம், புது சென்சாரின் பெயரைக் கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம் பாய் பிரேக்கை மிதித்திருக்கிறார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பழுது என் கையில் இல்லை! "பாய், நிற்காம ஓட்டுங்கன்னு சொன்னேனே!" என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை: "சலாம் சொல்றதெல்லாம் நிக்கறதாம்மா? சொல்லாம போனா, காரு வந்ததும் ஜமாலுக்குத் தலைகால் புரியலன்னு ஊரே பேசுமே!"

பட்டுப்புடவை

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு விளக்கை அணைத்தே தீருவது என்று முடிவு. "நீங்களே ஓட்டிடுங்கம்மா" என்று பாய் சாவியை நீட்டினார். ஓட்டியிருக்கலாம். இருபது நிமிஷ வேலை. ஆனால் வாசலில் நசீரா நின்றுகொண்டிருந்தாள். "பட்டுப்புடவையில எனக்கு கார் ஓட்ட வராதுங்க பாய்" என்று கூசாமல் சொன்னேன். பூசை கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரி டயர் கழற்றியவள் நான் என்பது ஊருக்கே தெரியும். பாய்க்கும் தெரியும். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

நசீரா பிஸ்மில்லா சொல்லி எடுத்தாள். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. டீக்கடை வந்தது. "நிறுத்தும்மா" என்று பின்னாலிருந்து குரல். "அத்தா, கைய மட்டும் ஆட்டுங்க" என்று முன்னாலிருந்து பதில். ஓடுகிற வண்டியிலிருந்து பாய் கையை நீட்டிச் சலாம் சொன்னார். தையல்காரர் மிஷினை விட்டு எழுந்திருப்பதற்குள் அவர் கடையும் பின்னால் போய்விட்டது. ஒரு உப்பு லாரியை நசீரா இண்டிகேட்டர் போட்டு, ஹாரன் கொடுத்து, அலட்டாமல் தாண்டினாள். பின் சீட்டிலிருந்து பாய் அந்த லாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு நிமிஷம். பத்தொன்பது. என் கை ஜெபமாலையைத் தேடியது. பெரிய முதலியார்சாவடி பெயர்ப் பலகை தெரிந்தபோது அந்த மஞ்சள் விளக்கு, எரிந்ததே இல்லை என்கிற மாதிரி, பேசாமல் அணைந்தது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்திவிட்டேன். நசீரா ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன். பாய் முன்னால் எட்டி, டேஷ்போர்டை உற்றுப் பார்த்தார், விளக்கு இருந்த இடத்தை விரலால் தொட்டும் பார்த்தார். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டார்: "திரும்பி போறப்ப மெதுவா போம்மா. என் பொண்ணு ஓட்டறத எல்லாரும் பாக்கணும்."

அன்றிலிருந்து மஞ்சள் விளக்கோடு எந்தக் கார் வந்து நின்றாலும், காற்றைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்த ரோட்டில் உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதுதான்.